“எப்படித் தெரிந்தது?”: படிவம் 1, 2, 3 தமிழாசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: கோலசிலாங்கூர் வட்டார இடைநிலைப்பள்ளிகளின் தமிழ்மொழிப் பாடக்குழுத் தலைவர்கள், படிவம் 1 முதல் 3 வரை தமிழ்மொழி போதிக்கும் ஆசிரியர்கள்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர்,

வணக்கம். பத்தாங் பெர்ஜுந்தையிலும் சுற்றியுள்ள தோட்டங்களிலும் மாலை வேளைகளில் கட்டுரைப் பயிற்சி நடத்தும் ஆசிரியர்கள் சேர்ந்து இதை எழுதுகிறோம். (ஊருக்கு 2007-இல் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறிவிட்டது. வாயில் வருவது இன்னும் பழைய பெயர்தான்.) பகலில் உங்களிடம் படிக்கும் பிள்ளைகள்தான் மாலையில் எங்களிடம் வருகிறார்கள். எனவே இது உங்களுக்கும் எங்களுக்கும் பொதுவான வேலை. வருணனைக் கட்டுரையைப் பற்றிய வேலை.

கீழே உள்ள பத்தி உங்களுக்குப் புதிதாக இருக்காது:

“காலைக் கதிரவன் தன் பொற்கதிர்களை எங்கும் பரப்பிக்கொண்டிருந்தான். பறவைகள் கீச்சுக்கீச்சு என ஒலி எழுப்பின. எங்குப் பார்த்தாலும் பச்சைப் பசேலென்று இருந்தது. அது கண்கொள்ளாக் காட்சியாக இருந்தது. என் மகிழ்ச்சிக்கு அளவே இல்லை.”

எழுத்துப்பிழை கிடையாது. வாக்கியங்கள் ஒழுங்காக முடிகின்றன. சிவப்பு மைக்கு இங்கே வேலையே இல்லை. ஆனால் எழுதிய பிள்ளை எதையும் பார்க்கவில்லை. பெர்லிஸில் இருந்து எழுதினாலும் ஜொகூரில் இருந்து எழுதினாலும் இதே ஐந்து வரிதான் வரும். பார்த்திருந்தால் முதல் வரியே வந்திருக்காது. தீபகற்ப மலேசியாவின் கடிகாரம் 1982 ஜனவரி 1 அன்று அரைமணி நேரம் முன்னால் தள்ளி வைக்கப்பட்டது. அதனால் இங்கே சூரியன் 7 மணியை ஒட்டியோ அதற்கும் பிறகோதான் எழுகிறது. பள்ளி வேன் வீட்டு முன்னால் வந்து ஹாரன் அடிக்கும்போது இன்னும் இருட்டு. வேனின் முன்விளக்கு வெளிச்சத்தில் பூச்சிகள் சுற்றும். பிள்ளை ஒரு காலில் சப்பாத்தும் ஒரு கையில் சப்பாத்துமாக ஓடிவரும். அதுதான் அந்தப் பிள்ளை அறிந்த காலை. தாளில் வருவதோ யாரோ எப்போதோ எழுதிவைத்த பொற்கதிர்.

பிள்ளைகளைக் குறை சொல்ல முடியாது. நாம் அவர்கள் கையில் கொடுத்திருக்கும் பட்டியல் அப்படி. செய்யுளும் மொழியணியும் பகுதியில் படித்த உவமைத்தொடர், மரபுத்தொடர், இணைமொழி, இரட்டைக்கிளவி ஆகியவற்றில் எத்தனை கட்டுரைக்குள் வந்திருக்கின்றன என்று எண்ணிப் பார்த்துப் புள்ளி போடும் வழக்கம் பல வகுப்புகளில் இருக்கிறது. மொழியணி கற்பிப்பதை நாங்கள் குறை கூறவில்லை. அது நம் மொழியின் சொத்து. எண்ணுவதை மட்டும் விட்டுவிடுங்கள் என்கிறோம். ஆசிரியர் எண்ணுகிறார் என்று தெரிந்த பிள்ளை, எண்ணிக்கைக்கு உதவும் சொல்லைத்தான் தேடும். கண்ணெதிரே இருப்பதைத் தேடாது.

எங்கள் வேண்டுகோளின் மையம் ஓரத்தில் எழுதும் இரண்டே சொல்: “எப்படித் தெரிந்தது?”

அழகாக, மகிழ்ச்சி, சோகம், பயம், பரபரப்பு, அமைதி, ரம்மியம், மிகவும், கண்கொள்ளாக் காட்சி: இவையெல்லாம் முடிவுச் சொற்கள். எழுதுபவர் எதையோ பார்த்து, உள்ளுக்குள் ஒரு முடிவுக்கு வந்து, அந்த முடிவை மட்டும் தாளில் வைக்கிறார். சாட்சியை வீட்டிலேயே விட்டுவிட்டுத் தீர்ப்பை மட்டும் கொண்டுவருவது மாதிரி. வாசகர் அதை நம்பலாம், நம்பாமலும் போகலாம். ஆனால் பார்க்க மட்டும் முடியாது. சாட்சியைக் கொடுத்தால் தீர்ப்பை வாசகரே எழுதிக்கொள்வார், அது அவர் மனத்தில் நிற்கும். சொல்வதற்கும் காட்டுவதற்கும் உள்ள வேறுபாடு இவ்வளவுதான். படிவம் 1 மாணவருக்கு இதைவிடப் பெரிய விளக்கம் தேவையில்லை.

வெளியிலிருந்து வந்த புதுப் பாடம் என்று யாராவது சொன்னால், நம் இலக்கணத்தைத் திறந்து காட்டுங்கள். தண்டியலங்காரம் பொருளணிகளை வரிசைப்படுத்தும்போது உவமையை இரண்டாவதாகத்தான் வைக்கிறது. முதலில் நிற்பது தன்மையணி: ஒரு பொருளை அது உள்ளபடியே, அதற்குரிய சொற்களால் விளங்கச் சொல்வது. நம் கட்டுரை வகுப்பில் இந்த வரிசை தலைகீழாகிவிட்டது. பொருளையே காட்டாமல் ‘போல’ என்று தொடங்கிவிடுகிறோம். அதேபோல் தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் முழுவதும் உள்ளத்தில் இருப்பது உடலில் எப்படித் தெரிகிறது என்பதைப் பற்றியதுதான். அதற்குப் பிறகு வருகிறோம்.

முதலில் ஒரு வாக்கியத்தை எடுத்துக் கடைசிவரை திருத்திப் பார்ப்போம். நம் வட்டாரத்துக்கே உரிய வாக்கியம்: “செம்பனைத் தோட்டம் பச்சைப் பசேலென்று மிகவும் அழகாக இருந்தது.” இந்நாட்டில் வணிக முறையில் முதன்முதலாகச் செம்பனை (எண்ணெய்ப்பனை) நடப்பட்டது 1917-இல், இங்கே பக்கத்தில் இருக்கும் தென்னமரம் தோட்டத்தில். நூறு ஆண்டுக்கு மேலாக இந்த மரத்தின் நிழலில் வாழும் ஊரின் பிள்ளை, அதைப் பற்றிச் சுற்றுலா வந்தவரைப் போல எழுதுகிறது.

‘அழகாக’ என்பதன் கீழ் கோடு. ஓரத்தில் “எப்படித் தெரிந்தது?” பெரும்பாலான பிள்ளைகள் முதல் முறை இப்படிப் பதில் எழுதும்: “மரங்கள் நிறைய இருந்தன. இலைகள் பச்சையாக இருந்தன. காற்று சிலுசிலுவென்று வீசியது.” இங்கேதான் பல ஆசிரியர்கள் திருப்தியடைந்து நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்தக்கூடாது. ‘நிறைய’, ‘பச்சை’ இரண்டும் இன்னும் முடிவுச் சொற்களே. அடுத்த கேள்விகளை வாயால் கேளுங்கள்: நீ எங்கே நிற்கிறாய்? உன் காலடியில் என்ன கிடக்கிறது? தலைக்கு மேல் வெயில் தெரிகிறதா? மரத்தின் மேல் வேறு ஏதாவது வளர்ந்திருக்கிறதா? நீ நடந்தால் என்ன மாறுகிறது?

இந்தக் கேள்விகளுக்குப் பதில் தேடினால் ஏறக்குறைய இப்படி ஒரு பத்தி வரும்:

“வெயில் மண்வரை வரவில்லை. வெட்டிய மட்டைகள் இரண்டு வரிசைக்கு நடுவில் காய்ந்து குவிந்து கிடந்தன. ஒரு மரத்தடியில் நாலைந்து உதிரிப் பழம். ஒன்றை மிதித்துவிட்டேன், செருப்பின் அடியில் செம்மஞ்சளாக எண்ணெய் ஒட்டியது. நடக்க நடக்க வலப்பக்கம் ஒரு வரிசை கடைசிவரை திறந்தது. இரண்டு எட்டு வைப்பதற்குள் மூடிக்கொண்டது.”

பச்சை என்ற சொல்லே இதில் இல்லை. மட்டை, உதிரி, செருப்பு, எண்ணெய் என்று கையால் தொடக்கூடிய பெயர்கள் இருக்கின்றன. கடைசி இரண்டு வரியைக் கவனியுங்கள். செம்பனையை முக்கோண அமைப்பில், மரத்துக்கு மரம் சுமார் 9 மீட்டர் விட்டு நடுகிறார்கள். அதனால் எந்த மரத்தருகில் நின்றாலும் ஆறு திசையில் நேர்வரிசை ஓடும். நடக்கும்போது அந்த வரிசைகள் ஒவ்வொன்றாகத் திறந்து மூடும். இதைத் தோட்டத்துப் பிள்ளை எல்லாரும் பார்த்திருக்கிறார்கள். எழுதலாம் என்று யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான். உதிரிப் பழம் கீழே கிடந்தால் மேலே குலை பழுத்திருக்கிறது என்பது வெட்டுக்காரருக்குத் தெரியும். அந்த வீட்டுப் பிள்ளை அதையும் சேர்த்து எழுதினால், அதை வேறு எந்த ஊர் மாணவரும் பார்த்து எழுத முடியாது.

இனி, தமிழுக்கே உரிய ஒரு தொல்லை. நம் மொழியில் வினை வாக்கியத்தின் கடைசியில் நிற்கிறது. வருணனை எழுதும் பிள்ளை ‘இருந்தது’, ‘இருந்தன’, ‘காணப்பட்டது’, ‘காட்சியளித்தது’, ‘கொண்டிருந்தது’ என்பவற்றையே மாற்றி மாற்றிப் போடுவதால், பத்து வரியும் ஒரே சத்தத்தில் முடிகின்றன. ஒரு பழைய கட்டுரையை எடுத்து ஒவ்வொரு வாக்கியத்தின் கடைசிச் சொல்லை மட்டும் தனித்தாளில் மேலிருந்து கீழாக எழுதச் சொல்லுங்கள். ஐந்து நிமிட வேலை. ‘இருந்தது’ எத்தனை என்று பிள்ளையே எண்ணட்டும். எண்ண வேண்டிய இடம் இதுதான். பிறகு அதில் பாதியையாவது வேலை செய்யும் வினையாக மாற்றச் சொல்லுங்கள். “மேசையில் ஈக்கள் இருந்தன” என்பது “ஈக்கள் சர்க்கரை சிந்திய இடத்திலேயே உட்கார்ந்து எழும்பின” என்றாகும். சில இடத்தில் வினையையே விட்டுவிடலாம்: “மரத்தடியில் நாலைந்து உதிரிப் பழம்.” இது தமிழுக்கு இயல்பான அமைப்பு. முற்றுவினை இல்லை என்று சுழிக்காதீர்கள், ஒரு பத்திக்கு ஒன்றிரண்டு வரை விடுங்கள்.

எதிர்ப்பக்கப் பிழையும் உண்டு. ‘எழுந்து, குளித்து, உடுத்தி, சாப்பிட்டு, ஓடி, ஏறி’ என்று வினையெச்சங்களைக் கோத்துக்கொண்டே போவது. மூன்றுக்கு மேல் போனால் எந்தச் செயலும் கண்ணில் நிற்காது. மூன்றாவது எச்சத்தில் நிறுத்தி முடிக்கச் சொல்லுங்கள்.

வினையைத் தேர்ந்தெடுப்பதில் நம் மொழி வஞ்சகமே செய்யவில்லை. தின்றான், மென்றான், கொறித்தான், விழுங்கினான், சப்பினான் என்று ஒவ்வொன்றும் ஒரு வாயைக் காட்டுகிறது. “வேகமாகச் சாப்பிட்டான்” என்பதில் ‘வேகமாக’ சொல்கிறது. “மெல்லாமல் விழுங்கினான்” காட்டுகிறது. ‘ஆக’ என்று முடியும் வினையடை வரும் இடமெல்லாம் நல்ல வினை ஒன்று காணாமல் போயிருக்கிறது என்று பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கள். எல்லா இடத்திலும் அது சரியாக இருக்காது. ஆனால் பதின்மூன்று வயதில் தேடிப் பார்க்கும் பழக்கம் வர இந்த அளவு கண்டிப்பு வேண்டும்.

ஒட்டுக்கடையிலிருந்து, அதாவது சாலையோரச் சாப்பாட்டுக் கடையிலிருந்து, ஓர் எடுத்துக்காட்டு. “ஒட்டுக்கடைக்காரர் மிகவும் திறமையாக ரொட்டி சானாய் செய்துகொண்டிருந்தார்.” திறமை எப்படித் தெரிந்தது? “மாவைத் தட்டினார். தூக்கி வீசினார், தலையணை உறை அகலத்துக்கு விரிந்தது. நாலு பக்கமும் மடித்துக் கல்லில் போட்டார். பேச்சு எதிரே நின்றவரோடு, பார்வை சாலையில். கை மட்டும் ரொட்டியை விட்டு விலகவில்லை.” திறமை என்ற சொல் தானாக உதிர்ந்துவிட்டது. கையைப் பார்க்காமலே வேலை நடப்பது என்ற ஒரே ஒரு விவரம் அதன் இடத்தை எடுத்துக்கொண்டது.

இரட்டைக்கிளவிக்கு வருவோம். அது காதால் கேட்டு எழுத வேண்டிய அணி. நம் பயிற்சித் தாள்களில் அது கண்ணால் பொருத்தும் அணியாகிவிட்டது: கலகல என்றால் சிரிப்பு, சலசல என்றால் ஓடை. மழை பெய்யும் நாளில் சன்னலைத் திறந்து வைத்து ஒரு நிமிடம் கேட்கச் சொல்லுங்கள். தகரக் கூரையில் விழும் மழைக்கும் செம்பனை மட்டையில் விழும் மழைக்கும் வாய்க்காலில் விழும் மழைக்கும் ஒரே சத்தம் இல்லை. தகரத்தில் தடதட, ஓலையில் சடசட, நின்றபின் கூரை விளிம்பில் சொட்டுச் சொட்டாக. கேட்டு எழுதிய ஒரு கிளவி, பட்டியலிலிருந்து எடுத்த ஐந்துக்குச் சமம். பட்டியலில் இல்லாத ஓர் ஒலியைப் பிள்ளை எழுதினால், அந்த ஒலி உண்மையா என்று மட்டும் பாருங்கள்.

உவமைக்கும் இதே அளவுகோல். கம்போங் குவாந்தானுக்கு மின்மினி பார்க்கப் போய்வந்த பிள்ளைகள் அத்தனை பேரும் “மின்மினிகள் வைரங்களைப் போல மின்னின” என்றே எழுதுகிறார்கள். வைரத்தை எத்தனை பேர் கையில் வைத்துப் பார்த்திருக்கிறார்கள்? அதைவிட முக்கியம், வைரம் என்ற உவமை அந்தப் பூச்சியின் தனித்தன்மையையே மறைத்துவிடுகிறது. சிலாங்கூர் ஆற்றங்கரையின் பெரெம்பாங் மரங்களில் அவை கூட்டமாக ஒன்றாக ஒளிர்ந்து ஒன்றாக அணைகின்றன. உலகத்தவர் அதைப் பார்க்கத்தான் அங்கே வருகிறார்கள். முதலில் தன்மையை எழுதட்டும்: “ஒரு மரம் முழுக்க ஒன்றாக எரிந்தது. முழுக்க அணைந்தது. படகுக்காரர் துடுப்பைத் தண்ணீரிலிருந்து எடுத்தார், திரும்பப் போடவில்லை.” அதன்பிறகு உவமை வேண்டுமானால், தான் தொட்ட பொருளிலிருந்து வரட்டும்: தீபாவளிக்கு வாசலில் கட்டிய விளக்குச் சரத்தின் சுவிட்சை யாரோ தட்டித் தட்டி விளையாடுவது போல. ஒரு பத்திக்கு ஓர் உவமை. பொருளுக்கு முன்னால் அது வரக்கூடாது. ‘மலரும் மணமும் போல’, ‘நகமும் சதையும் போல’ போன்ற மரபான உவமைத்தொடர்களை உரையாடலிலோ கருத்துக் கட்டுரையிலோ பயன்படுத்தக் கற்றுக்கொடுங்கள். அங்கே அவை நன்றாகப் பொருந்தும்.

இப்போது மெய்ப்பாடு. நகை, அழுகை, இளிவரல் (இழிவு), மருட்கை (வியப்பு), அச்சம், பெருமிதம், வெகுளி (சினம்), உவகை என எட்டு. ஒவ்வொன்றும் எதனால் பிறக்கிறது என்று நான்கு நான்கு காரணங்களையும் தொல்காப்பியம் தருகிறது. வகுப்பில் இது மனப்பாடச் செய்தியாகக் கடந்துபோகிறது. உண்மையில் எழுதுபவருக்கு இதைவிட உதவியான கருவி இல்லை. அச்சத்துக்குக் கொடுத்த நான்கைப் பாருங்கள்: அணங்கு (வருத்தும் தெய்வம், பேய்), விலங்கு, கள்வர், தம் இறை (தமக்கு மேலான தலைவர்). நாய் துரத்தும்போது வரும் அச்சமும் தலைமையாசிரியர் கூப்பிட்டபோது வரும் அச்சமும் ஒரே உடலில் ஒரே மாதிரி தெரியாது. முன்னதில் கால் ஓடும். பின்னதில் கால் ஓட முடியாது, ஓடக்கூடாது. அதனால் கை எதையாவது செய்யத் தொடங்கும். ஆகவே ‘பயம்’ என்று எழுதிய பிள்ளையிடம் முதலில் கேட்க வேண்டியது: எதற்குப் பயம்? காரணம் தெளிந்தால் உடல் தானே தெளியும்.

ஒரு மாதிரி: “ஒழுங்கு ஆசிரியர் அறைக்கு வெளியே நின்ற கவிதாவுக்கு மிகவும் பயமாக இருந்தது. உடல் நடுங்கியது. இதயம் படபடவென அடித்தது.”

இரண்டாவது, மூன்றாவது வாக்கியங்களைச் சில ஆசிரியர்கள் ‘காட்டுதல்’ என்று பாராட்டிவிடுகிறார்கள். உடல் வந்துவிட்டதே என்று. ஆனால் உடல் நடுங்கியது, கண்கள் குளமாயின, முகம் மலர்ந்தது, மயிர்க்கூச்செறிந்தது என்பவை பல காலம் பயன்பட்டுத் தேய்ந்து ‘பயம்’, ‘சோகம்’ என்பதற்கு மாற்றுச் சொற்களாகிவிட்டன. வேடம் மாறியிருக்கிறது, சொல்வது சொல்வதாகவே இருக்கிறது. இந்தப் படிநிலையில் மாணவர்கள் அதிகம் வழுக்குவது இங்கேதான். தப்பிக்க எளிய வழி: முகத்தையும் இதயத்தையும் விட்டுவிட்டுக் கைக்குப் போகச் சொல்லுங்கள். கையில் ஒரு பொருளைக் கொடுக்கச் சொல்லுங்கள்.

“கவிதா கதவுக்கு நேரே நிற்கவில்லை, சுவரோரம் நின்றாள். பையிலிருந்த பேருந்துச் சீட்டை எடுத்து இரண்டாக மடித்தாள். நான்காக மடித்தாள். எட்டாக மடித்தாள். அதற்கு மேல் மடங்கவில்லை. உள்ளே நாற்காலி நகர்ந்தது. சீட்டு கீழே விழுந்தது. அவள் குனிந்து எடுக்கவில்லை.”

பேருந்துச் சீட்டு ஒன்றும் பெரிய கண்டுபிடிப்பு இல்லை. ஆனால் மடங்காத காகிதத்தை மடிக்கப் பார்க்கும் விரலில் பயம் தெரிகிறது. “நாற்காலி நகரும் சத்தம் அவளுக்குக் கேட்டது” என்று எழுதாமல் “உள்ளே நாற்காலி நகர்ந்தது” என்று எழுதியிருப்பதையும் கவனிக்கச் சொல்லுங்கள். ‘நான் பார்த்தேன்’, ‘எனக்குக் கேட்டது’, ‘நான் உணர்ந்தேன்’ என்ற இடைத்தரகுச் சொற்களை அடித்துவிட்டாலே பாதிக் கட்டுரை உயிர்பெறும். அதோடு, அறைக்குள் ஆசிரியரின் முகம் எப்படி இருந்தது என்று வெளியே நிற்கும் கவிதாவால் எழுத முடியாது. நின்ற இடத்திலிருந்து தெரியாததை எழுதுவது இந்த வயதில் வரும் இன்னொரு பிழை. “நீ எங்கே நிற்கிறாய்?” என்று கேட்டால் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

ஐம்புலன் பட்டியலைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். கண்டது, கேட்டது, முகர்ந்தது, சுவைத்தது, தொட்டது என்று ஐந்து கட்டம் போட்ட தாள் பல வகுப்புகளில் புழங்குகிறது. குறிப்பெடுக்க அது நல்லது. அப்படியே கட்டுரையானால் பேருந்து நிலையத்தில் நிற்கும் பிள்ளைகூட எதையாவது நக்கிச் சுவைக்க வேண்டிவரும். எங்கள் பரிந்துரை இது: பிள்ளைகளை ஓரிடத்தில் 10 நிமிடம் நிறுத்துங்கள். சிற்றுண்டிச்சாலை, மிதிவண்டிக் கொட்டகை, பள்ளி வாசல், எதுவானாலும் சரி. பேச்சு வேண்டாம். 12 குறிப்புகள், ஒவ்வொன்றிலும் ஒரு பெயர், ஒரு வினை. ‘அழகு’ குடும்பத்துச் சொற்களுக்குத் தடை. வகுப்புக்குத் திரும்பியதும் ஒன்பதை அடித்துவிட்டு மூன்றை மட்டும் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். எந்த மூன்று? அந்த இடத்தில் எல்லாரும் எதிர்பார்ப்பது ஒன்று, எதிர்பாராதது ஒன்று, நகர்வது ஒன்று. முதலாவது இடத்தை நிறுவும். இரண்டாவது, எழுதியவர் உண்மையாகவே அங்கே நின்றார் என்று வாசகரை நம்ப வைக்கும். மூன்றாவது இல்லாவிட்டால் வருணனை நிழற்படம் மாதிரி உறைந்துபோகும். ஒன்பதை அடிக்கும்போது பிள்ளைகள் முகம் சுளிப்பார்கள். எழுதியதை இழக்க யாருக்கும் மனம் வராது. ஆனால் தேர்ந்தெடுப்பது இங்கேதான் கற்றுக்கொள்ளப்படுகிறது. பன்னிரண்டையும் எழுதினால் எதுவும் தெரியாது.

எல்லாவற்றையும் காட்ட வேண்டும் என்று நாங்கள் சொல்லவில்லை. ஒரு வாரம் கடந்தது, பேருந்து ஏறி ஊருக்குப் போனோம், தேர்வு முடிந்தது போன்றவற்றைச் சும்மா சொல்லிவிட்டுப் போவதுதான் சரி. பல் துலக்கியதையும் சப்பாத்துக் கயிறு கட்டியதையும் காட்டிக்கொண்டிருந்தால் கட்டுரை நகராது. 120 சொல் அளவுள்ள வருணனையில் இரண்டு இடங்களைக் காட்டினால் போதும். மற்றவை சொல்லப்படட்டும். எந்த இரண்டு என்று எழுதத் தொடங்கும் முன்பே தாளின் மூலையில் குறித்துவைக்கப் பழக்குங்கள்.

இன்னொன்று எங்கள் மனத்தில் பல நாளாக உறுத்திக்கொண்டிருக்கிறது. பிள்ளை ‘ஒட்டுக்கடை’ என்று எழுதினால் சிவப்பு மை அதை ‘உணவகம்’ ஆக்குகிறது. ‘பசார் மாலாம்’ ‘இரவுச் சந்தை’ ஆகிறது. ‘ரொட்டி சானாய்’ ‘சிற்றுண்டி’ ஆகிறது. ‘தே தாரேக்’ ‘தேநீர்’ ஆகிறது. பாட்டி ரப்பர் மரத்தில் பால்வெட்டு வேலைக்குப் போனதைப் பற்றி எழுதும் பிள்ளை ‘மங்கு’ என்றால் ‘கிண்ணம்’ என்று திருத்தப்படுகிறது. ஒட்டுக்கடைக்கும் உணவகத்துக்கும் உள்ள வேறுபாட்டை நாம் எல்லாரும் அறிவோம்: ஒன்றில் மழை பெய்தால் நாற்காலியை உள்ளே இழுத்துப் போடுவார்கள், மற்றதில் குளிரூட்டி இருக்கும். மங்கு என்றால் மரத்தில் கம்பியோடு நிற்கும், பால் சொட்டும். கிண்ணத்தில் பாயசம் இருக்கும். பொருளின் பெயரைப் பறித்துவிட்டு அந்தப் பொருளைக் காட்டு என்று எப்படிக் கேட்பது? கதை சொல்லும் நடை எழுத்துத்தமிழாகவே இருக்கட்டும், இலக்கணத்தில் தளர்வு வேண்டாம். பொருள்களின் பெயரும் மனிதர் பேசும் பேச்சும் மட்டும் ஊரில் வழங்குவது போலவே தாளில் வரட்டும். அஞ்சடி (கடைமுன் நடைவழி), லயம் (வரிசை வீடு), தண்டல் (மேற்பார்வையாளர்), கிராணி (தோட்ட எழுத்தர்), பெரட்டு (காலை ஆள்கணக்கெடுப்பு) ஆகிய சொற்களைத் தாத்தா பாட்டியிடம் கேட்டு எழுதினால் அதைப் பிழை என்று சுழிக்காமல், பொருள் புரியும்படி வாக்கியத்தில் வைத்திருக்கிறானா என்று பாருங்கள். இதை உங்களிடம் மிகவும் பணிந்து கேட்கிறோம்.

நேரம் இல்லை என்பீர்கள். உண்மைதான். வாரத்தில் கிடைக்கும் தமிழ்ப் பாடவேளை எவ்வளவு என்று எங்களுக்கும் தெரியும். அதனால்தான் முழுக் கட்டுரையையும் மீண்டும் எழுத வைக்கச் சொல்லவில்லை. ஒரு தாளுக்கு இரண்டே அடிக்கோடு. திருப்பிக் கொடுத்தபின் அந்த இரண்டு வாக்கியத்தை மட்டும் 8 நிமிடத்தில் திருத்தி எழுதட்டும். அதற்கு மேல் கோடு போட்டால் பிள்ளை எதையும் திருத்தாது, தாளை மடித்துப் பையில் வைத்துவிடும். முதல் வாரம் பிள்ளைகள் தங்கள் பழைய கட்டுரையில் தாங்களே முடிவுச் சொற்களைத் தேடிக் கோடிடட்டும். அடுத்து 10 நிமிடக் குறிப்பு. அதன்பின் கடைசிச் சொல் பட்டியல், கை விவரம் என்று வாரத்துக்கு ஒன்றாகப் போனால் ஆறாவது வாரத்தில் 120 சொல்லில் ஒரு முழு வருணனை எழுத வைக்கலாம். நடுவில் ஒரு கட்டத்தில் எழுத்து முன்பைவிட மோசமாகும். மூன்றாவது நான்காவது வாரத்தில் விவரங்கள் குவிந்து வாக்கியம் தடுமாறும். அது வழக்கமானது. அப்போது பட்டியலுக்குத் திரும்பிவிடாதீர்கள்.

படிவம் 3 மாணவர்கள் எழுதிய பி.டி.3 தேர்வு 2022-இல் நீக்கப்பட்டதிலிருந்து கீழ்ப்படிவங்களில் வகுப்பறை மதிப்பீட்டின் பொறுப்பு உங்கள் கையில் அதிகம் இருக்கிறது. ஒரு பிள்ளையை 1 முதல் 6 வரையான அடைவுநிலையில் எங்கே வைப்பது என்று முடிவு செய்யும்போது, இந்த ஆண்டு மட்டுமாவது, எத்தனை உவமைத்தொடர் வந்தது என்று பார்க்காமல், வேறு யாராலும் எழுத முடியாத ஒரு விவரமாவது இதில் இருக்கிறதா என்று பாருங்கள்.

அடுத்த தலைப்பைப் பலகையில் எழுதும்போது ‘நான் கண்ட இயற்கைக் காட்சி’ என்பதற்குப் பதிலாக ‘வேன் வருவதற்கு முன் பத்து நிமிடம்’ என்று கொடுத்துப் பாருங்கள். 80 சொல் போதும். கதிரவன் வேண்டாம். நீங்கள் கோடிட்ட தாள்களைப் பிள்ளைகள் கையிலேயே கொடுத்தனுப்புங்கள். மாலையில் நாங்கள் அதே தாளில், அதே இரண்டு கோட்டிலிருந்து தொடர்கிறோம். புதுக் கோடு எதுவும் போடமாட்டோம்.

இப்படிக்கு,
பத்தாங் பெர்ஜுந்தை வட்டார மாலை வகுப்புத் தமிழாசிரியர்கள்